கலை விண்ணப்பத்தோட வாற சமத்துவப் படிவம்: நாங்கள் எந்தக் கட்டத்தில டிக் பண்ணுறது?

தென்மராட்சித் தூரிகை (லண்டன்)

வணக்கம் எல்லாருக்கும். நான் துணி, நூல், பழைய சேலை இதுகளை வைச்சு வேலை செய்யிற ஆள், லண்டனில இருக்கிறன். ஒரு கலைக்கூடம் ஆறு கிழமை ரெசிடென்சி ஒண்டுக்கு, அதாவது அவையின்ர இடத்தில இருந்து வேலை செய்யிற வாய்ப்புக்கு, விண்ணப்பம் கேட்டிருக்கினம், வாற வெள்ளி கடைசி நாள். படங்கள், பட்ஜெட், என்ன செய்யப்போறன் எண்ட விளக்கம் எல்லாம் முடிச்சு, பிள்ளையளையும் படுக்கப்போட்டுட்டு, நேற்று இரவு பதினொண்டரை போல அனுப்புவம் எண்டு பாத்தா கடைசியில சமத்துவக் கண்காணிப்புப் படிவம் எண்டு இன்னொண்டு திறக்குது. இனம், சமயம், வயது, மாற்றுத்திறன், பாலினம், பாலீர்ப்பு (ஆணிலயோ பெண்ணிலயோ ஆரில ஈர்ப்பு எண்டது) எல்லாம் கேக்கினம்.

இனம் எண்ட இடத்தில ஆசியருக்குக் கீழ இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர், பிறகு "வேறு ஆசியப் பின்னணி". இந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து நான் அந்தக் கடைசிக் கட்டத்திலதான் டிக் பண்ணுறனான். பக்கத்தில ஒரு சின்னப் பெட்டி இருந்தா "இலங்கைத் தமிழ்" எண்டு எழுதுவன், இந்தப் படிவத்தில அந்தப் பெட்டியும் இல்ல. எனக்குத் தெரிஞ்ச கன பேர் இந்தியர் எண்டு போட்டிட்டுப் போகினம், எனக்கு அது மனம் வருகுதில்ல.

அதுக்குப் பிறகு வந்த கேள்விதான் என்னை நித்திரை கொள்ள விடேல்லை. "உங்களுக்கு 14 வயதளவில வீட்டில கூட உழைச்சவர் என்ன வேலை செய்தவர்?" எனக்கு 14 வயது 1995. அந்த ஒக்ரோபர் கடைசியில சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டது, நாங்களும் நாவற்குழிப் பாலத்தால நடந்து தென்மராட்சிக்குப் போய் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில ஏழு குடும்பத்தோட இருந்தனாங்கள். அப்பா அதுக்கு முதல் சங்கக்கடையில (கூட்டுறவுக் கடையில) கிளாக்கர். அந்த நேரம் அவருக்கு ஒரு வேலையும் இல்ல, விறகு பொறுக்கிக்கொண்டு வருவார். படிவத்தில "நீண்டகாலம் வேலையில்லாதவர்" எண்டு ஒரு தெரிவு இருக்கு, ஆனா பக்கத்தில அரசாங்கத்திட்ட வேலையில்லாக் கொடுப்பனவு ஒரு வருசத்துக்கு மேல எடுத்தவர் எண்டு விளக்கம் போட்டிருக்கு. அந்த வரிக்கு மேல கர்சரை வைச்சுக்கொண்டு கன நேரம் இருந்திட்டன். அனுப்பாமலே லாப்டொப்பை மூடிட்டன்.

இதை நிரப்பாம விட்டா விண்ணப்பத்துக்கு ஏதும் பிரச்சினையா? நிரப்பினா ஆர் பாக்கினம்? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

கணக்குப்பிள்ளை (மான்செஸ்டர்)

அக்கா, நான் இங்க ஒரு தியேட்டர் ஆபீஸ்ல ஆறு வருஷம் இந்த ஃபார்மை எல்லாம் சேர்த்து எக்செல்ல போட்ட ஆளு, அதனால தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

முதல்ல, நீங்க அந்த ஃபார்ம்ல என்ன போட்டீங்கன்றது தேர்வு பண்ற பேனலுக்குப் போகக்கூடாது. ஒழுங்கா நடத்துற இடத்துல அப்ளிகேஷன் ஒரு பக்கம் போகும், இது தனியா இன்னொரு பக்கம் போகும், நடுவுல ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் மட்டும் இருக்கும், இல்ல அதுகூட இருக்காது. எங்க ஆபீஸ்ல அந்த ஷீட்டைத் திறக்க ரெண்டே பேருக்குத்தான் அனுமதி. எல்லாக் கேள்விக்கும் "சொல்ல விரும்பல"ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கணும், அதைப் போட்டா உங்க அப்ளிகேஷனுக்கு ஒரு குறையும் வராது.

எதுக்கு கேக்குறாங்கன்னா, 2010 சமத்துவச் சட்டத்துல ஒன்பது விஷயத்த பாதுகாக்கப்பட்ட பண்புன்னு வச்சிருக்காங்க, அதாவது அதை வச்சு யாரையும் பாகுபாடா நடத்தக்கூடாது. வயசு, மாற்றுத்திறன், பாலின மாற்றம், திருமணம், கர்ப்பம் பேறுகாலம், இனம், மதம் அல்லது நம்பிக்கை, பாலினம், பாலீர்ப்பு. அரசு அமைப்புகள் சமவாய்ப்பு கிடைக்குதான்னு கவனிச்சுக்கிட்டே இருக்கணும்னு 2011 ஏப்ரல்ல இருந்து கடமையும் இருக்கு. கலைக்கு அரசு காசைப் பிரிச்சுக் குடுக்குற ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து தன்கிட்ட ரெகுலரா ஃபண்டிங் வாங்குற அமைப்புகள்ட்ட வருஷா வருஷம் இந்தக் கணக்க கேட்டு வாங்கி ரிப்போர்ட்டா போடுது. அந்த அமைப்புகள் நம்மகிட்ட கேக்குது. அப்படித்தான் உங்க ராத்திரி பதினொன்றரைக்கு இந்த ஃபார்ம் வந்து சேருது.

இதுல உண்மையான பயன் எங்க இருக்குன்னா, எத்தனை பேர் அப்ளை பண்ணாங்கன்றதுல மட்டும் இல்லக்கா, படிப்படியா பாக்கணும். அப்ளை பண்ணவங்க, ஷார்ட்லிஸ்ட் ஆனவங்க, இண்டர்வியூ வந்தவங்க, கடைசில கிடைச்சவங்க, ஒவ்வொரு படியிலயும் யார் குறையுறாங்கன்னு. ஒரு வருஷம் எங்க இளம் இயக்குநர் வாய்ப்புக்கு வந்தவங்கள்ல ஆசியர் கறுப்பினத்தவர் நிறைய பேர் இருந்தாங்க, ஷார்ட்லிஸ்ட்ல பாத்தா அப்படியே காணாம போயிட்டாங்க. யாரும் வேணும்னு பண்ணல. ஃபார்ம்ல "பெயர் பெற்ற அரங்கில் குறைந்தது இரண்டு தயாரிப்பு"ன்னு ஒரு தகுதி இருந்துச்சு, கோயில் ஹால்லயும் சனிக்கிழமை தமிழ் ஸ்கூல்லயும் நாடகம் போட்டவங்க அந்த வரிலயே அடிபட்டுப் போனாங்க. நான் அந்த ரெண்டு எண்ணிக்கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பிரிண்ட் எடுத்து மீட்டிங்ல வச்சப்பதான் எல்லாருக்கும் உறைச்சது, அடுத்த வருஷம் அந்த வரிய எடுத்துட்டாங்க. அந்த ஷீட் இல்லேன்னா "அவங்க அப்ளையே பண்றதில்ல"ன்னு சொல்லிட்டு போயிருப்பாங்க. அதனாலதான் முடிஞ்சா நிரப்புங்கன்னு சொல்றேன்.

மதுரை மல்லி

இங்க இருந்து படிச்சிட்டு இருக்கேன். ஒரு சந்தேகம், இது நம்மூர் இடஒதுக்கீடு மாதிரியா? இத்தனை சதவீதம் இன்னாருக்குன்னு இருக்கா?

கணக்குப்பிள்ளை (மான்செஸ்டர்)

இல்லங்க, அது வேற இது வேற. நம்மூர்ல 1921 கம்யூனல் ஜிஓ-ல (சமூகவாரியா அரசு வேலையப் பிரிச்ச அரசாணை) ஆரம்பிச்சு இப்ப 69 சதவீதம் வரைக்கும் இடமே ஒதுக்கி வச்சிருக்கோம். இங்க பிரிட்டன்ல இனத்த வச்சு இத்தனை சீட்டுன்னு ஒதுக்குறது பொதுவா சட்டப்படி செல்லாது. நேர்மறை நடவடிக்கைன்னு ஒண்ணு அனுமதிச்சிருக்காங்க, அதாவது ஒரு பிரிவு குறைவா வருதுன்னா அவங்களுக்கு தனியா பயிற்சி வைக்கலாம், அவங்க இருக்குற இடத்துக்குப் போய் அப்ளை பண்ணச் சொல்லலாம். வேலைக்கு ஆள் எடுக்கும்போது ரெண்டு பேரும் சமமான தகுதின்னு வந்தா, குறைவா இருக்குற பிரிவுக்காரரை எடுக்க வழி இருக்கு. ஆனா இது எதையும் செய்யணும்னா முதல்ல "குறைவா இருக்காங்க"ன்றதுக்கு கையில ஆதாரம் வேணும்ல, அதுக்குத்தான் இந்த எண்ணிக்கை.

பறையடி (பர்மிங்காம்)

கணக்குப்பிள்ளை சொன்ன ஒன்பதை நானும் பல தடவை எண்ணிப் பாத்திருக்கேன் தோழர். சாதி அதுல இல்ல.

நான் திண்டுக்கல் பக்கம். பறை அடிக்கிறவன், கத்துக்குடுக்குறவன். இங்க வந்து பத்து வருஷமாச்சு. ஃபார்ம்ல நான் "இந்தியர்"னு டிக் பண்றேன், எங்க தெருவுக்குள்ள செருப்புப் போட்டு நடக்காதன்னு சொன்ன குடும்பத்துப் பையனும் அதே "இந்தியர்"தான் டிக் பண்றான். ரெண்டு பேரும் ஒரே கணக்குல ஒரே ஆளா விழுறோம். ஒரு இடத்துல தெற்காசியக் கலைக்கு ரெண்டு வாய்ப்பு, ரெண்டும் சபா மேடையில ஏறுன கலைக்கே போச்சு, நான் ஏன்னு கேட்டதுக்கு எங்க தெற்காசிய எண்ணிக்கை நல்லா இருக்குன்னு சொல்லி சார்ட்டைக் காட்டுறாங்க. அந்த சார்ட்ல பொய் ஒண்ணும் இல்ல, ஆனா என் கேள்விக்கு அதுல பதிலும் இல்ல.

சட்டத்துல சாதியச் சேக்க 2013-ல நாடாளுமன்றமே சொல்லுச்சு. அப்புறம் வருஷக்கணக்கா இழுத்து 2018 ஜூலைல அரசாங்கம் தனியா சேக்கப் போறதில்ல, கோர்ட் தீர்ப்புகளே போதும்னுட்டாங்க. அவங்க நம்புனது 2014 டிசம்பர்ல ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு, வீட்டுவேலைக்கு வந்த ஒரு ஆதிவாசிப் பெண்ணோட வழக்கு, சாதி வந்து "இனவழித் தோற்றம்"ன்ற சொல்லுக்குள்ள அடங்கலாம்னு சொன்னது. அடங்கலாம்னா கோர்ட்டுக்குப் போறவனுக்கு அது உதவும். ஃபார்ம் அடிக்கிறவங்க யாரும் அதைப் படிச்சிட்டு ஒரு கேள்வி சேக்க மாட்டாங்க. நான் கேட்ட இடத்துலயெல்லாம் "ஒன்பதுல இல்லையே"ன்னுதான் சொன்னாங்க.

தென்மராட்சித் தூரிகை (லண்டன்)

தம்பி, நீங்கள் சொன்னதை ரெண்டு தரம் வாசிச்சன். எங்கட பக்கத்திலயும் இது இருக்கு, ஒருத்தரும் வாய் திறந்து கதைக்கிறேல்ல. எங்கட ஊர்ப் பறைமேளக்காரரை ஒரு கலைவிழா மேடையில இங்க நான் ஒருக்காலும் காணேல்லை. எழுதினதுக்கு நன்றி.

வயலின் வாத்தியார் (ஹாரோ)

நான் உங்க எல்லாரையும் விட மூத்தவன், 68 வயசு, அதனால உரிமையோட ஒன்று சொல்கிறேன். இருபது வருஷமா இந்தப் படிவங்களை நிரப்பிக்கொண்டே இருக்கிறேன். பெயர் மட்டும் மாறுகிறது. ஒரு காலத்தில் எங்களையெல்லாம் பேம் (BAME, கறுப்பர், ஆசியர், சிறுபான்மை இனத்தவர்) என்று ஒரே சொல்லில் கட்டிப் போட்டார்கள், 2021-ல் ஒரு அரசு கமிஷன் அந்தச் சொல்லே வேண்டாம் என்றது, இப்போது வேறு சொல். நசீம் கான் என்ற எழுத்தாளர் 1976-லேயே அறிக்கை கொடுத்தார், இந்த நாட்டில் குடியேறிய மக்களிடம் இவ்வளவு கலை இருக்கிறது, ஃபண்டிங் கொடுப்பவர்கள் கண்ணில் அது படவே இல்லை என்று. கிட்டத்தட்ட அம்பது வருஷம். இன்னும் எண்ணிக்கொண்டு இருக்கிறார்கள்.

என் கருத்து, யார் எவர் என்று கேட்காமல் வேலையை மட்டும் பாருங்கள். அமெரிக்காவில் ஆர்க்கெஸ்ட்ரா ஆடிஷனுக்குத் திரை போட்டு வாசிக்கச் சொன்னார்கள், செருப்புச் சத்தம் கேட்டு ஆணா பெண்ணா என்று தெரியக்கூடாதென்று தரையில் கம்பளம் கூட விரித்தார்கள். அந்த மாதிரி செய்யட்டும்.

கணக்குப்பிள்ளை (மான்செஸ்டர்)

ஐயா வணக்கம், உங்க சலிப்பு நியாயம்தான், எனக்கும் அந்த ஆபீஸ்ல கடைசி வருஷம் அதே சலிப்புதான். ஆனா திரை விஷயம் எல்லாக் கலைக்கும் ஒத்து வராது ஐயா. மொஸார்ட்டை திரைக்குப் பின்னால வாசிக்கலாம், தூரிகை அக்கா அம்மாவோட சேலைய வெட்டி அதுல தமிழ் எழுத்து தைச்சு அனுப்புனா பேரை மறைச்சு என்ன பிரயோஜனம், படமே சொல்லிடுமே யாருன்னு. நீங்க கல்யாணி ஆலாபனை வாசிச்சாலும் அப்படித்தானே. அதோட திரை போட்டதால நிலைமை மாறுச்சா இல்லையான்னு தெரிஞ்சுக்கவே அந்தக் காலத்துல யார் வந்தாங்க யார் தேர்வானாங்கன்னு எண்ண வேண்டியிருந்துச்சு.

எண்ணிட்டு சும்மா இருக்குறதுதான் தப்பு, அதுல உங்களோட நான் நூறு சதவீதம் ஒத்துப்போறேன்.

ஒரு காது மிருதங்கம் (லெஸ்டர்)

இதுக்கு நடுவுல முக்கியமான ஒரு விஷயம் சொல்லணும், நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டது. எனக்கு இடது காது சுத்தமா கேக்காது, வலதுல ஹியரிங் எய்டு. மூணு வருஷம் முன்னாடி ஒரு வாய்ப்புக்கு அப்ளை பண்ணேன், இந்தச் சமத்துவ ஃபார்ம்ல மாற்றுத்திறன் இருக்கான்னு கேட்ட இடத்துல ஆமான்னு டிக் பண்ணி, செவித்திறன்னு எழுதிட்டு, சரி இவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு பாத்துப்பாங்கன்னு இருந்துட்டேன். இண்டர்வியூக்குப் போனா பெரிய ஹால், எதிரொலி, நாலு பேர் தள்ளித் தள்ளி உக்காந்திருக்காங்க, ஒருத்தர் முகத்தை பேப்பர் பக்கமா குனிஞ்சுகிட்டே பேசுறாரு, எனக்கு உதடு தெரியல. மூணு கேள்விக்கு சம்பந்தமில்லாத பதில் சொன்னேன். கிடைக்கல.

அப்புறம்தான் புரிஞ்சது, அந்த ஃபார்ம் பேர் இல்லாம தனியா போறதால இண்டர்வியூ வைக்கிறவங்களுக்கு நான் டிக் பண்ணது தெரியவே தெரியாது. பாதுகாப்புக்காக பிரிச்சு வச்சது, எனக்கு அதுவே இடைஞ்சலா போச்சு. நமக்கு வசதி வேணும்னா, சைகை மொழிபெயர்ப்பாளரோ, கேப்ஷனோ, கேள்விய முன்னாடியே அனுப்பறதோ, அதுக்கு தனியா ஒரு கேள்வி இருக்கும், இல்லேன்னா மெயில் போடணும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க. இப்ப நான் ஒரு பக்கத்துல என் தேவைய எழுதி பிடிஎஃப்பா வச்சிருக்கேன், எங்க கூப்பிட்டாலும் முதல்ல அதை அனுப்பிடுவேன். ஆர்ட்ஸ் கவுன்சில்ல அப்ளிகேஷன் எழுதறதுக்கே உதவி ஆள் வச்சுக்க காசு கேக்கலாம், நம்மாளுங்க நிறைய பேருக்கு இது தெரியாது.

பெயர் வேண்டாம்

நான் எப்பவும் வாசிக்கிறதோட சரி, இண்டைக்கு எழுதுறன்.

பெரிய கலைக்கூடம் எண்டா நான் பாலீர்ப்புக் கேள்விக்கு உண்மையா பதில் போடுவன், பயமில்ல. ஆனா போன வருசம் எங்கட ஆக்களே நடத்துற ஒரு சின்ன அமைப்பு இளம் எழுத்தாளருக்கு ஒரு வாய்ப்பு வைச்சவை. அவையும் இதே படிவத்தை அப்பிடியே எடுத்துப் போட்டவை, ஆனா பேரும் இமெயிலும் அதே பக்கத்திலதான் இருந்தது. அதைத் திறந்து பாக்கிறவர் என்ர அம்மாவோட கோயிலுக்குப் போறவர். பத்துப் பதினைஞ்சு பேர்தான் விண்ணப்பிச்சிருப்பினம், பேர் இல்லாட்டியும் வயதையும் ஊரையும் வைச்சு ஆளைக் கண்டுபிடிக்கலாம். நான் விண்ணப்பமே போடேல்லை. அந்தக் கதையை இப்பவும் வைச்சிருக்கிறன், ஒருத்தருக்கும் காட்டேல்லை.

கணக்குப்பிள்ளை (மான்செஸ்டர்)

எழுதினதுக்கு ரொம்ப நன்றிங்க. நீங்க அப்ளை பண்ணாம விட்டதுக்கு காரணம் அந்த அமைப்பு, நீங்க இல்ல. அவங்க செஞ்சது சட்டப்படியும் சரியில்ல. இனம், மதம், உடல்நலம், பாலீர்ப்பு இதெல்லாம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல சிறப்பு வகைத் தரவு. சமத்துவக் கண்காணிப்புக்காக சேகரிக்க 2018 சட்டத்துல தனியா இடம் குடுத்திருக்காங்கதான், ஆனா அதை வச்சு ஒரு தனி ஆளைப் பத்தி முடிவெடுக்கக் கூடாது, நீங்க எழுத்துல வேண்டாம்னு சொன்னா உங்க தரவ அதுக்குப் பயன்படுத்துறத நிறுத்தணும். எண்ணிக்கை ரொம்ப சின்னதா இருந்தா வெளியிடும்போது அந்த இடத்துல நட்சத்திரக் குறி போட்டு மறைக்கணும்.

சின்ன அமைப்பு நடத்துற யாராவது இதைப் படிச்சா தயவுசெஞ்சு, பேர் கேக்காத தனி லிங்க்ல போடுங்க, வெளியாள் ஒருத்தரை எண்ணச் சொல்லுங்க, நாலஞ்சு வருஷத்தைச் சேர்த்து மொத்தமா கணக்குப் பாருங்க. பன்னெண்டு பேருக்கு சார்ட் போட வேண்டாம்.

மதுரை மல்லி

தூரிகை அக்கா, அந்த 14 வயசு கேள்விக்கு என்ன பண்ணீங்க? அதையே நினைச்சிட்டு இருக்கேன்.

கணக்குப்பிள்ளை (மான்செஸ்டர்)

அக்கா பதில் சொல்றதுக்குள்ள நான் ஒரு வார்த்தை. அந்தக் கேள்வி ஏன் வந்துச்சுன்னா, வர்க்கமும் அந்த ஒன்பதுல கிடையாது. ஆனா கலைத்துறைல யார் அப்பா அம்மா காசுல சம்பளமில்லாம ரெண்டு வருஷம் தாக்குப்பிடிக்க முடியுதோ அவங்கதான் நிக்குறாங்க, அதைக் கண்டுபிடிக்க சமூக நகர்வு ஆணையம் (ஏழைக் குடும்பத்துல பொறந்தவங்க மேல வர முடியுதான்னு பாக்குற அரசு அமைப்பு) பரிந்துரைச்ச கேள்வி இது. சட்டம் கேக்காததையும் ஒரு துறை நினைச்சா கேக்கலாம்ன்றதுக்கு இதுவே சாட்சி, பறையடி தோழர் இதைப் பிடிச்சுக்கோங்க. ஆனா இந்த ஊர்லயே பொறந்து வளந்தவங்களை மனசுல வச்சு எழுதுன கேள்விதான். பெட்ரோல் பங்க் கவுண்டர்ல நின்ன நம்ம அப்பாக்கள்ல எத்தனை பேர் ஊர்ல ஹெட்மாஸ்டரா இருந்தவங்க.

தென்மராட்சித் தூரிகை (லண்டன்)

எல்லாருக்கும் நன்றி. இண்டைக்கு விடிய எழும்பி திரும்பத் திறந்தனான். இனத்துக்கு "வேறு ஆசியப் பின்னணி" எண்டே போட்டன். 2021 கணக்கெடுப்பில இங்கிலாந்திலயும் வேல்சிலயும் அந்தக் கட்டத்துக்குள்ள 9 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல ஆக்கள், பிலிப்பினோ, நேபாளி, யப்பான்காரர், நாங்கள் எல்லாரும் ஒண்டா. தமிழ்தான் தங்கட முதன்மை மொழி எண்டு சொன்னவையே கிட்டத்தட்ட 1 லட்சத்து 25 ஆயிரம் பேர். கணக்கெடுப்பிலயாவது பக்கத்தில எழுத இடம் விட்டவை.

14 வயதுக் கேள்விக்கு "இந்தக் கேள்வி எனக்குப் பொருந்தாது" எண்ட தெரிவைப் போட்டன். போடேக்க கை கூசினது, ஏனெண்டா என்ர வேலையே அந்த வகுப்பறையைப் பற்றினதுதான், அம்மா அங்க மறைப்புக்குக் கட்டின சேலையைத்தான் நான் இப்ப தைக்கிறன்.

அதோட விட மனமில்லாம ஒரு மெயிலும் போட்டிருக்கிறன். ஆருக்கும் உதவும் எண்டா எடுத்து மாத்திப் பாவியுங்கோ, ஆங்கிலத்தில போட்டதை இங்க தமிழில எழுதுறன்:

"வணக்கம். உங்கட ரெசிடென்சிக்கு விண்ணப்பிச்சிருக்கிறன். சமத்துவப் படிவம் பற்றி நாலு கேள்வி. ஒண்டு, போன மூண்டு தரமும் விண்ணப்பிச்சவை, ஷார்ட்லிஸ்ட் ஆனவை, தெரிவானவை எண்ட மூண்டு படியிலயும் உங்கட எண்ணிக்கை என்ன, அதை எங்க வெளியிட்டிருக்கிறியள்? ரெண்டு, அதைப் பாத்து நீங்கள் மாத்தின ஒரு விசயமாவது சொல்ல ஏலுமா? மூண்டு, வேறு ஆசியப் பின்னணி எண்ட இடத்தில நாங்களா எழுத ஒரு பெட்டி வைப்பியளா? நாலு, 14 வயதில இடம்பெயர்ந்து இருந்தவைக்கு உங்கட வேலைக் கேள்வியில ஒரு தெரிவு சேர்ப்பியளா?"

இன்னும் பதில் வரேல்லை. வந்தா இங்க போடுறன்.

பறையடி (பர்மிங்காம்)

அக்கா, நானும் இதையே எடுத்து ரெண்டு இடத்துக்கு அனுப்பிட்டேன். மூணாவது கேள்விக்குக் கீழ சாதி பத்தி ஒரு வரி சேத்துக்கிட்டேன்.

பெயர் வேண்டாம்

நான் அந்தச் சின்ன அமைப்புக்கு அனுப்பப் போறன். பேர் போடாம.